மகனின் மிதிவண்டி மோதிய விபத்து: இழப்பீட்டை யார் கட்டுவது?

சிங்கப்பூரின் செங்காங்கில் வாடகை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "புளோக்கின் கீழே மிதிவண்டி ஓட்டிய என் பத்து வயது மகன் ஒரு மூதாட்டியின்மீது மோதிவிட்டான். அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. முழுச் செலவும் எங்களுடையது என்று என் கணவர் மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டார். எங்களிடம் வீட்டுப் பொருள் காப்புறுதி இருக்கிறது. அதில் இது வராது, புதிய பாலிசி எடுத்துவிட்டு விபத்துத் தேதியைத் தள்ளிக் காட்டலாம் என்கிறார் முகவர். என்ன செய்வது?"

முகவர் சொன்னதை இன்றே மறந்துவிடுங்கள். நடந்துவிட்ட விபத்துக்குப் பிறகு பாலிசி வாங்கித் தேதியை மாற்றிக் காட்டுவது ஏமாற்றுக் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்கீழ் அதற்குப் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கப்படலாம். விண்ணப்பத்தில் கையொப்பமிடப் போவது நீங்கள்தான். சிக்கல் வந்தால் முகவர் கைகழுவிவிடுவார். வேலை அனுமதியை நம்பி இங்கே வாழும் குடும்பங்களிடம் இப்படிப் பேசுபவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

அவர் சொன்ன முதல் செய்தியும் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டுப் பொருள் பாலிசிகள் பலவற்றின் பின்பக்கங்களில் 'மூன்றாம் தரப்பினருக்கான தனிநபர்ப் பொறுப்பு' என்ற பகுதி இருக்கும். உங்கள் கவனக்குறைவால் வெளியார் ஒருவருக்குக் காயமோ பொருள்சேதமோ நேர்ந்து, சட்டப்படி நீங்கள் இழப்பீடு தர வேண்டியிருந்தால், அந்தப் பகுதி அதை ஏற்கும். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் அச்சடித்துத் தரும் நிறுவனங்கள், தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் தரக் கூடாதா? வீட்டு உரிமையாளர் வைத்திருக்கும் வீவக தீக்காப்புறுதியை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வீவக கட்டித்தந்த சுவர், தரை போன்றவற்றைச் சீர்செய்வதற்கு மட்டுமே உரியது.

இனி ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் பாருங்கள், ஏனெனில் உங்கள் நிலை இதைப் பொறுத்தே மாறும். மகன் ஓட்டியது காலால் மிதிக்கும் வண்டியா, மோட்டார் பொருத்தியதா? மிதிவண்டியைப் பல பாலிசிகள் விலக்குவதில்லை. மின்ஸ்கூட்டரோ மின்சைக்கிளோ என்றால் 'மோட்டார் வாகனம்' என்ற விலக்குக்குள் அது போய்விடக்கூடும். பொம்மைபோல் இருக்கும் சின்ன மின்ஸ்கூட்டர்தானே என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். மோட்டார் எவ்வளவு சிறியது என்பதைப் பல பாலிசிகள் பார்ப்பதில்லை. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதே தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதும்போது 'வண்டி' என்று பொதுவாக எழுதாமல், மோட்டார் இல்லாத மிதிவண்டி என்று தெளிவாக எழுதி, அதன் படத்தையும் இணையுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர் தந்த வாக்கு. மூதாட்டியைப் போய்ப் பார்ப்பது, நலம் விசாரிப்பது, சமைத்துக் கொடுப்பது எல்லாம் நல்லதே. அவற்றை நிறுத்த வேண்டாம். ஆனால் நிறுவனத்தின் இசைவு இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்ற நிபந்தனை இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக உண்டு. மருந்தக ரசீதின் பின்புறத்தில் 'முழுச் செலவையும் ஏற்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒருவரின் தாளை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒற்றை வரியைக் காட்டியே நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தது. பிள்ளை செய்த தவற்றுக்குப் பெற்றோர் தாமாகவே பொறுப்பாகிவிடுவதும் இல்லை. மேற்பார்வையில் நீங்கள் தவறினீர்களா என்பதே கேள்வி. அந்த வாதத்தை எடுத்துவைக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் அந்த வாய்ப்பை நீங்களே பறித்துவிடுகிறீர்கள்.

எனவே இன்றே நிறுவனத்துக்கு, முகவர் வழியாக அல்லாமல் நேரடியாக, மின்னஞ்சல் அனுப்புங்கள். நாள், இடம், நடந்தது, கணவர் வாய்மொழியாகச் சொன்னது ஆகிய எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மூதாட்டியின் குடும்பத்தினரிடம், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டோம், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். காயத்துக்கான வழக்கைத் தொடுக்க அவர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இப்போது அமைதியாக இருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள்.

நிறுவனம் மறுத்தால், பாலிசியின் எந்த வரியின்படி மறுக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் அந்தக் கடிதத்தோடு ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்தை அணுகலாம். அங்கே செல்ல வழக்கறிஞர் தேவையில்லை.