பிளாஸ்டர் விரிசல் விடுது, என்ன செய்ய? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மிக்ஸட் மீடியா, அதாவது பல பொருள் சேர்த்துப் பண்ற ஒர்க் ஒண்ணுக்காக பெரிய கேன்வாஸ்ல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை கனமா பூசினேன். காஞ்சப்புறம் சூப்பரா இருந்துச்சு. சுவத்துல மாட்டலாம்னு தூக்கினா நடுவுல விரிசல், ஓரமெல்லாம் பொலபொலன்னு கொட்டிடுச்சு. கலவைல தப்பா?

பதில்: கலவைய குத்தம் சொல்லாதீங்க, கீழ இருக்கற துணிதான் பிரச்சனை. கேன்வாஸ் பறைத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினது, தொட்டா அதிரும், தூக்கினா வளையும், காத்துல ஈரம் கூடினா தளரும். பிளாஸ்டரோ காஞ்சா கல்லு, துளி கூட வளையாது, அப்போ எது உடையும்னு நீங்களே பார்த்துட்டீங்க. அதனால அடுத்த தடவை பிளைவுட் மாதிரி கெட்டியான பலகைல செய்யுங்க. பலகைக்கு முதல்ல பிவிஏ பசை, அதான் மரவேலைக்குப் போடற வெள்ளைப் பசை, ஒரு கோட் அடிச்சிடுங்க, இல்லன்னா பிளாஸ்டர்ல இருக்கற தண்ணிய மரம் உறிஞ்சிடும், அப்புறம் எப்படி பிடிக்கும்? அது மேல சாக்குத்துணியோ காயத்துக்குக் கட்டற காஸ் துணியோ ஒட்டிட்டு பூசினா துணியோட நூலெல்லாம் உள்ள பின்னிப் பிடிச்சுக்கும். ரெண்டாவது கோட் போடறதுக்கு முன்னாடி முதல் கோட்டை ஆணியால கீறி தண்ணி தெளிச்சுக்கங்க, இத நிறைய பேரு விட்டுடறாங்க. இல்ல, எனக்கு கேன்வாஸ்தான் வேணும்னா அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட், அதான் கெட்டியா பூசற அக்ரிலிக் பசை, அதப் போடுங்க, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், ஆனா பிளாஸ்டரோட அந்த சுண்ணாம்பு வெளுப்பும் கல்லு மாதிரி இருக்கற தொடுகையும் அதுல வராது.

கொட்டின துண்டுகள தூக்கிப் போட்றாதீங்க ப்ளீஸ். பலகைல அப்படியே ஒட்டி விரிசலோடவே விடுங்க, அந்தக் கோடுகள கையால வரைய யாராலயும் முடியாது.

கேள்வி: கலக்கிட்டு இருக்கும்போதே இறுகிடுது. ஏன்?

பதில்: பழைய பிளாஸ்டர் ஒட்டின பக்கெட்லயே கலக்கறீங்களா? அந்தப் பழைய துணுக்குதான் புதுசுக்கு விதை மாதிரி, உடனே இறுக ஆரம்பிச்சிடும். ஜிப்சம் கல்ல சுமார் 150 டிகிரில சூடு பண்ணி அதுல இருக்கற தண்ணில முக்கால்வாசிய வெளியேத்தினதுதான் இந்தப் பவுடர், நாம தண்ணி ஊத்தினதும் மறுபடி கல்லாகப் பார்க்குது, ஊசி ஊசியா படிகம் வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். வெந்நீரும் உப்பும் அத வேகப்படுத்தும், குளிர்ந்த தண்ணியும் துளி வினிகரும் மெதுவாக்கும். எப்பவும் தண்ணில பவுடரத் தூவுங்க, பவுடர்ல தண்ணிய ஊத்தாதீங்க. 1 கப் தண்ணிக்கு சுமார் 2 கப் பவுடர், அது தண்ணிக்கு மேல சின்னச் சின்ன தீவு மாதிரி நிக்கும்போது நிறுத்தி, 1, 2 நிமிஷம் ஊற விட்டு மெதுவா கலக்குங்க. இறுக ஆரம்பிச்சதுல தண்ணி ஊத்தி அடிச்சு இளக்கினா படிகமெல்லாம் உடைஞ்சு சாக்பீஸ் மாதிரி ஆயிடும், அத விட்டுட்டு புதுசா கலக்கறதுதான் நல்லது. மாஸ்க் போடுங்க. மிச்சத்த சிங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க, பைப்புக்குள்ள போய் கல்லாயிடும்.

கேள்வி: காஞ்ச பிளாஸ்டர் மேல நேரா பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: முதல்ல நிஜமாவே காஞ்சிருக்கான்னு கன்னத்துல வெச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. அக்ரிலிக்னா தண்ணி கலந்த பிவிஏ ஒரு கோட் அடிச்சிட்டு பெயின்ட் பண்ணுங்க. ஆனா இங்க்கும் வாட்டர்கலரும் மட்டும் நேரா விட்டுப் பாருங்களேன், கல்லுக்குள்ள இறங்கி ஒரு மங்கின கலர் வரும், எனக்கு ரொம்ப இஷ்டம். இரும்புக் கம்பி, ஆணி பதிச்சா ஈரத்துல துரு கசிஞ்சு மேல வரும். அது வேண்டாம்னா முதல்லயே அந்த இரும்புக்கு வார்னிஷ் அடிச்சிடுங்க.

கேள்வி: ஜார்ஜ் சீகல் உயிரோட இருக்கற ஆளுங்க மேலயே பிளாஸ்டர் போட்டு சிற்பம் செஞ்சாராமே. என் பொண்ணு கைய பக்கெட்ல முக்கி அச்சு எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. சீகல் 1961லருந்து பயன்படுத்தினது எலும்பு முறிவுக்குக் கட்டற பிளாஸ்டர் பேண்டேஜ், அது மெல்லிசு. பக்கெட் நிறைய இருக்கற பிளாஸ்டர் இறுகும்போது 60 டிகிரி வரைக்கும் சூடாகும், அப்போ கைய வெளிய எடுக்கவும் முடியாது. 2007ல இங்கிலாந்துல ஒரு ஸ்கூல்ல 16 வயசுப் பொண்ணு இப்படிக் கைய முக்கி விரல்கள இழந்துட்டா. பல் டாக்டருங்க அச்சு எடுக்கற ஆல்ஜினேட்ல முக்கச் சொல்லுங்க, அது ரப்பர் மாதிரி இறுகும், சுடாது, சில நிமிஷத்துல கை வழுக்கிட்டு வந்துடும். அந்தக் குழிக்குள்ள பிளாஸ்டர ஊத்துங்க, உடனே ஊத்துங்க, ஆல்ஜினேட் காய காய சுருங்கிடும், அப்புறம் விரல் கோணிடும்.