பகா எண்களைக் கூட்டிப் பார்ப்போம்: கணக்கு வாத்தியாரிடம் கேள்வி பதில்

அரைப்பகா எண் என்றால் என்ன அய்யா? பையன் கேட்கிறான், சொல்லத் தெரியவில்லை. (திருமங்கலம்)

இரண்டே இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் கிடைப்பது. 4, 6, 9, 10, 14, 15 என்று போகும். 9-இல் 3 இரண்டு தடவை வருகிறது, அது பரவாயில்லை. 8 சேராது, அதில் மூன்று 2 இருக்கிறது.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டு. 100-ஐ இரண்டு பகா எண்களாகப் பிரிக்க எத்தனை வழி? (மேலூர்)

ஆறு. 3+97, 11+89, 17+83, 29+71, 41+59, 47+53.

நம்ம பின்கோடு 625001-ஐ அப்படிப் பிரிக்க முடியுமா சார்? (தல்லாகுளம்)

முடியாது தம்பி. கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வர, ஒன்று இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையில் பகா எண் 2 மட்டும்தான். மீதி 624999. இலக்கங்களைக் கூட்டினால் 39, ஆக 3-ஆல் வகுபடும். ஆனால் விட்டுவிடாதீர்கள், வகுத்தால் 208333 வருகிறது. அது பகா எண்ணா என்று கையால் பார்க்க, 456 வரை உள்ள 87 பகா எண்களாலும் வகுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்! எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அப்புறம் என்ன, 625001 = 2 + (3 × 208333). பகா எண்ணும் அரைப்பகா எண்ணும்.

எல்லா ஒற்றைப்படை எண்ணுக்கும் இப்படி வருமா? (உசிலம்பட்டி)

5-க்கு மேல் வரும் என்றுதான் நம்புகிறோம். ஒரு பகா எண்ணோடு இன்னொரு பகா எண்ணின் இரு மடங்கைக் கூட்டினாலே போதும் என்று 1894-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெமுவான் ஊகித்தார். 27 = 5 + 22. நிரூபணம் இன்னும் இல்லை.

இரட்டைப்படைக்கு நிரூபித்துவிட்டார்களா? (சோழவந்தான்)

2-க்கு மேற்பட்ட ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது கோல்ட்பாக் ஊகம். 1742-இல் கோல்ட்பாக், கணித மேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. 4-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட எண் வரை கம்ப்யூட்டரில் சரிபார்த்தாயிற்று, நிரூபணம் வரவில்லை. மிக நெருங்கியவர் சீனாவின் சென் ஜிங்ருன். போதுமான அளவு பெரிய இரட்டைப்படை எண் எதுவானாலும், ஒரு பகா எண்ணோடு இன்னொரு பகா எண்ணோ அரைப்பகா எண்ணோ சேர்ந்து வரும் என்று 1966-இல் அறிவித்து, 1973-இல் முழு நிரூபணம் வெளியிட்டார்.

அந்த அரைப்பகாவை ஏன் தள்ள முடியவில்லை?

அவர் பிடித்தது சல்லடை முறை. பகாக் காரணிகள் குறைவாக உள்ள எண்களை அது நன்றாகச் சலித்துத் தரும். ஆனால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பிரித்துச் சொல்ல அதனால் மட்டும் ஆகாது. ஒரு காரணி உள்ளதும் இரண்டு உள்ளதும் சேர்ந்தேதான் கீழே விழும்.