கேள்விப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை வாழ்க்கைத்திறன் வகுப்பு எடுக்கிறேன். ‘உங்க பிரச்சினையைச் சொல்லுங்க’ என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வைத்த கேள்விப் பெட்டியும் ஒரு மாதமாகக் காலி. கடைசியில் நானே அறிவுரை சொல்லி முடிக்கிறேன். என்ன செய்யலாம்?
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் பேசாததில் தப்பே இல்லை. கடற்கரை ஊரில் வகுப்பில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். காலையில் சொன்னது பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடும். அதனால் ‘உன் வீட்டில்’ என்று தொடங்கும் கேள்வியையே விட்டுவிடுங்கள். கற்பனையாக வேறொரு பையனைக் கொண்டுவாருங்கள்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்பாவின் விசைப்படகு கரையில் நிற்கிறது, வீட்டில் கடன். சித்தப்பா நாட்டுப்படகுக்குக் கூப்பிடுகிறார். பள்ளி திறந்த பிறகும் வரச்சொல்கிறார். மரியாதை குறையாமல் அவன் எப்படி மறுப்பான்? ‘தைரியமா இருப்பான்’ என்பது பதில் ஆகாது. வாயிலிருந்து வரும் வாக்கியம் வேண்டும். இருவர் இருவராகப் பத்து நிமிடம் எழுதட்டும். விரும்பும் ஜோடி மட்டும் நடிக்கட்டும். முடிந்ததும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரச் செய்யுங்கள். இல்லையென்றால் பாத்திரத்தின் பெயர் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். அப்பா கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால், அந்தச் சம்பவத்தை நாடகத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

இனி பெட்டி. மூலையில் வைத்தால் யார் எழுந்து போகிறார்கள் என்று வகுப்பே பார்க்கும். ஒரே அளவில் கிழித்த தாளை எல்லோருக்கும் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் ‘இன்று எனக்குக் கேள்வி இல்லை’ என்று மூன்று முறை எழுதட்டும், எல்லாப் பேனாவும் ஒரே நேரம் ஓடும். அங்கேயே பிரிக்காதீர்கள். சில தாளில் சக மாணவியின் பெயர் இருக்கும், சில கேள்விக்கு உங்கள் முகமே மாறிவிடும். வீட்டில் படித்து, உங்கள் கையெழுத்தில் மாற்றி எழுதி, அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள். மாதவிடாய், காதல், செல்போனில் வந்த படம் என்று எது வந்தாலும் சங்கடப்பட்டுத் தாண்டாதீர்கள். தாண்டினால் பெட்டி மறுபடி காலியாகும்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆம் பிரிவின்படி கட்டாயம். ‘ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் உதவி கேட்பேன்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெயரில்லாத தாளில் அப்படி ஒன்று வந்தால் கையெழுத்தை வைத்து ஆளைத் தேடவேண்டாம். தாளைப் பத்திரப்படுத்தி அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மதியம் எந்த இடத்தில் தனியாக உங்களைப் பார்க்கலாம் என்பதை வகுப்பு முழுமைக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் ‘கேள்வி இல்லை’ தாள்களே வரலாம். மூன்றாம் வாரமும் தாளைக் கொடுங்கள்.