கேள்வி–பதில்: கோடு எழுதித் தராத கோச்

கேள்வி: எங்களிடம் 12 டெவலப்பர்கள், ஐந்து பேர் புதுசு. கிளையன்ட் கோடு வெளியே போகக்கூடாது என்பதால் அலுவலகக் கணினியிலேயே ஒல்லாமா (ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, க்வென் 2.5 கோடர் 7பி (7பி என்பது மாடலின் அளவு) மாடலை ஏஐ கோச்சாக வைத்தோம். "கோடு எழுதித் தராதே, கேள்வி கேள்" என்று சிஸ்டம் பிராம்ப்ட்டும் (மாடல் எப்படி நடக்க வேண்டும் என்ற நிலையான அறிவுறுத்தல்) கொடுத்தாயிற்று. டெர்மினலில் ஒழுங்காக நடக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரில் கேட்டால் முழு ஃபங்ஷனையும் எழுதிக் கொட்டுகிறது. ஏன்?
– கோவை வாசகர்

பதில்: உங்கள் பிராம்ப்ட் அங்கே போய்ச் சேரவே இல்லை. மாடல்ஃபைலில் (ஒல்லாமாவின் அமைப்புக் கோப்பு) நீங்கள் எழுதிய சிஸ்டம் வரியை, வருகிற கோரிக்கையில் வேறு சிஸ்டம் செய்தி இல்லாதபோதுதான் ஒல்லாமா சேர்க்கும். எடிட்டர் எக்ஸ்டென்ஷன்கள் பலவும் தங்கள் சிஸ்டம் செய்தியைத் தாங்களே முன்னால் ஒட்டி அனுப்பும். உங்களுடையது சத்தமில்லாமல் கழன்றுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. எனவே எக்ஸ்டென்ஷனின் செட்டிங்ஸிலும் அதே பிராம்ப்ட்டைப் போடுங்கள். ஏஜென்ட் மோடை அணைத்துவிடுங்கள்; கோப்பைத் திருத்தும் அனுமதி கோச்சுக்கு எதற்கு?

கான்டெக்ஸ்ட் அளவிலும், அதாவது மாடல் ஒரே நேரத்தில் கவனிக்கும் உரையின் அளவிலும், இதே கதைதான். மாடல்ஃபைலில் 16384 டோக்கன் (உரையை மாடல் உடைக்கும் சிறு துண்டு) என்று வைத்திருந்தாலும், எக்ஸ்டென்ஷன் 4096 என்று அனுப்பினால் 4096தான் செல்லும். அதைத் தாண்டினால் பழைய உரையாடல் முன்னாலிருந்து வெட்டுப்படும். பத்து நிமிடம் முன்பு காட்டிய எரர் செய்தியை கோச் "மறந்துபோவது" இதனால்தான்.

பிராம்ப்ட்டிலும் ஒரு குறை இருக்கிறது. "எழுதித் தராதே" என்ற தடை மட்டும் சிறிய மாடலுக்குப் போதாது; என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி. அடுத்து ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை. மூன்று முறை முயன்றும் வரவில்லையென்றால் மட்டும் அதிகபட்சம் மூன்று வரிக் கோடு. கூடவே ஒரு மாதிரி உரையாடலையும் வையுங்கள். உதாரணமாக, ஒருவர் பைத்தானில் ஒரு ஃபங்ஷனின் டிஃபால்ட் மதிப்பாகக் காலிப் பட்டியல் கொடுத்திருக்கிறார். இரண்டாம் முறை அழைத்தால் முதல் முறை சேர்த்ததும் கூடவே வருகிறது. நல்ல கோச் விடையைச் சொல்லாது. "இரண்டு முறை அழைத்து, இரண்டு தடவையும் அந்தப் பட்டியலின் ஐடியை (அடையாள எண்) பிரின்ட் செய்து பாருங்கள்" என்னும். இரண்டும் ஒரே எண் என்று கண்ணால் பார்த்தவருக்கு, டிஃபால்ட் மதிப்பு டெஃப் வரி (ஃபங்ஷனை வரையறுக்கும் வரி) ஓடும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது என்பது அதன்பிறகு மறக்காது.

கோச்சை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன், நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த பத்து பக்குகளைக் கொடுத்துப் பாருங்கள், டெர்மினலில் அல்ல, எடிட்டரிலேயே.

கேள்வி: ஒருவர் கேட்டால் வேகம், நாலு பேர் கேட்டால் நகர மாட்டேன் என்கிறது. கிராஃபிக்ஸ் கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறதே?

பதில்: கணக்குப் போடுவோம். 4 பிட் குவான்டைசேஷனில் (மாடலின் எண்களைச் சுருக்கி வைக்கும் முறை) மாடல் சுமார் 4.7 ஜிபி. 16384 டோக்கனுக்கான கேஷ் (உரையாடலை வைத்திருக்க மாடல் எடுக்கும் இடம்) ஒருவருக்கு ஏறக்குறைய 0.9 ஜிபி, நாலு பேருக்கு 3.6. மொத்தம் எட்டரைக்குள், மேற்செலவையும் சேர்த்தால் 12இல் அடங்க வேண்டும். கான்டெக்ஸ்ட்டை 32768 வைத்தால் கேஷே ஏழைத் தாண்டும்; மிச்சம் சிபியுவுக்கு வழியும், நீங்கள் சொல்கிற நத்தை வேகம் வரும். "ஒல்லாமா பிஎஸ்" கட்டளை கொடுத்து பிராசசர் பத்தியைப் பாருங்கள். 100 சதவீதம் ஜிபியு என்று இல்லையென்றால் கான்டெக்ஸ்ட்டைக் குறையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் கேள்வி மட்டும் தாமதமானால் அது வேறு விஷயம்: ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மாடல் நினைவகத்திலிருந்து இறங்கிவிடும். கீப் அலைவ் நேரத்தைக் கூட்டினால் போதும்.

இடம் போதவில்லை என்று 3பிக்கு இறங்கிவிடாதீர்கள். 7பிக்கு அப்பாச்சி 2.0 உரிமம், க்வென் 2.5 கோடரின் 3பி ஆராய்ச்சி உரிமத்தில் வந்தது, வணிக வேலைக்கு ஆகாது.

இன்னொன்று. கோரிக்கைகள் வரும் 11434 போர்ட்டுக்கு ஒல்லாமா தானாகப் பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. மற்றவர்களும் பயன்படுத்துவதற்காக 0.0.0.0இல் (வேறு கணினிகளிலிருந்தும் அணுக விடும் முகவரி) திறந்திருப்பீர்கள், ஃபயர்வாலில் அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி: கோச் தமிழில் பதில் சொல்லுமா?

பதில்: சொல்லும், ஆனால் 7பி அளவில் தமிழ் தடுமாறும். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு டோக்கன்களாக உடைவதால் கான்டெக்ஸ்ட்டும் சீக்கிரம் தீரும். பிராம்ப்ட் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் தங்கிலீஷில் கேட்டால் கேட்கட்டும், தடுக்க வேண்டாம்.