பேரரசுப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள்: கேள்வி பதில்

விண்வெளிப் பேரரசு வைத்துக் கதை எழுதுகிறவர்களும் விளையாட்டு உருவாக்குகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. புதுச் சிப்பாய்களை எப்படிப் பழக்குவது, வெற்றிடத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்ற இரண்டும் என் பக்கம். எஞ்சின், எரிபொருள், ஒளியை முந்துவதெல்லாம் என் பக்கம் இல்லை. பேரரசர் நல்லவரா கெட்டவரா என்பது உங்கள் பாடு.

மின்மினி: அடிப்படைப் பயிற்சி எத்தனை வாரம் வைக்கலாம்?

அமெரிக்கத் தரைப்படையில் 10 வாரம், மரீன் படையில் 13 வாரம். அது காற்று சும்மா கிடைக்கிற ஊரில். உங்கள் ஆள் சுவாசிக்கக் கற்றுக்கொள்ளவே அதில் பாதி போய்விடும். ஆறு மாதம் வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வால்நட்சத்திரம்: முதல் வாரக் காட்சி எழுதுகிறேன். தலையை மழிக்கிறார்கள், சார்ஜென்ட் கத்துகிறார். இதைத் தாண்டி என்ன வைக்கலாம்?

மழிக்கட்டும், கத்தட்டும். ஆனால் முதல் வாரத்தில் துப்பாக்கியைக் கண்ணில் காட்டாதீர்கள். கசிவுப் பயிற்சிதான் முதல் பாடம்.

விமானிகளுக்கு இன்றும் நடக்கிற பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை ஓர் இரும்பு அறையில் உட்காரவைத்துக் காற்றை மெல்ல வெளியே இழுக்கிறார்கள். முகமூடியைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்லலாம். 993, 986, 979 என்று முதல் வரி அச்சடித்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் எண்கள் பெரிதாகும், வரி சரியும், ஒரே எண் மூன்று தடவை வரும். நகம் நீலமாகிவிட்டது, ஆள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறான். "நான் நன்றாக இருக்கிறேன் சார்" என்கிறான். வெளியே வந்த பிறகு அவன் தாளை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் கத்த வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்தது, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது: காற்று போகும்போது மூச்சை அடக்கக் கூடாது. வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். அடக்கினால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நீருக்குள் மூழ்கப் பழகியவனுக்கு அனிச்சையாக வருவது இதற்கு நேர் எதிர். அதை உடைக்கத்தான் முதல் வாரம்.

வாயைத் திறந்து மூச்சை விட்டுவிட்டால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. ஏறக்குறைய 14 வினாடியில் நினைவு போனது. உடனே அறையில் காற்றை நிரப்பினார்கள், பிழைத்தார். உங்கள் சிப்பாய்க்கும் அந்தப் பத்துப் பதினைந்து வினாடிதான். அதற்குள் கை தானாக எதைப் பிடிக்கிறதோ அதுதான் பயிற்சி.

பெயர் வேண்டாம்: வெற்றிடத்தில் இரத்தம் கொதிக்குமா?

கொதிக்காது. இரத்தக் குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. நாக்கில் இருக்கிற எச்சில் கொதிக்கும். லெப்ளாங்க் மயங்குவதற்கு முன் கடைசியாக உணர்ந்தது அதைத்தான். உடம்பு வீங்கும், வெடிக்காது.

கப்பல்காரன்: அலாரம் அடித்த உடனே என் படை உடையை மாட்டிக்கொண்டு எதிரிக் கப்பல் மேல் குதிக்கிறது. இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறேன். சரியா?

இரண்டு நிமிடத்தில் குதித்தால் பாதிப் பேர் மூட்டு வலியில் சுருண்டுவிடுவார்கள்.

இன்றைய அமெரிக்க விண்வெளி நடை உடைக்குள் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மேல் ஏற்றினால் உடை பலூனாகிக் கையை மடக்க முடியாது. 1965இல், விண்வெளியில் முதன்முதலாக நடந்த சோவியத் வீரர் லியோனவுக்கு நேர்ந்தது அதுதான். உடை உப்பி, உள்ளே திரும்ப முடியாமல், கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு நுழைந்தார். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழியாகும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் முக்குளிப்பவருக்கு வருகிற அதே நோய். அதனால்தான் வெளியே போகும் முன் வெறும் ஆக்சிஜனை மணிக்கணக்கில் சுவாசிக்க வைக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. போர்க்கப்பல் முழுவதையுமே குறைந்த அழுத்தத்தில், கூடுதல் ஆக்சிஜன் விகிதத்தில் வைத்துக்கொள்ளலாம். உடனே குதிக்கலாம். ஆனால் ஆக்சிஜன் விகிதம் ஏற ஏற எல்லாம் எளிதில் பற்றிக்கொள்ளும். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில், தரையிலேயே, முழு ஆக்சிஜனில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் பேரரசு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மெதுவாகக் கிளம்பும் படையா, தீக்குப் பயந்து வாழும் படையா. இரண்டாவதுதான் எனக்குச் சுவையான கதையாகத் தெரிகிறது. போர்வை, காலுறை, சட்டைப் பையில் இருக்கும் கடிதம் வரை சார்ஜென்ட் சோதிப்பார்.

ஒன்பதாம் கோள்: எடையே இல்லாத கப்பலில் இடது, வலது என்று பரேடு போடுவது கேலிக்கூத்து இல்லையா? எல்லாரும் ஏன் இதையே எழுதுகிறார்கள்?

டிரில் பிறந்தது அழகுக்காக இல்லை. 1590களில் நெதர்லாந்தில் நாசோவின் மாரிஸ் தன் வீரர்களுக்குத் துப்பாக்கி நிரப்புவதைப் பல பத்துச் சின்ன அசைவுகளாக உடைத்துக் கற்றுக்கொடுத்தார். ஒரு கையில் எரியும் திரி, இன்னொரு கையில் வெடிமருந்து, தோளோடு தோள் அடுத்த ஆள். எவனாவது தன் இஷ்டத்துக்குச் செய்தால் பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து போவான். விண்வெளி உடை போடுவதும் அதே மாதிரி வேலைதான். கட்டளைக்கு ஓர் அசைவு, ஒவ்வொன்றுக்கும் பதில் குரல்.

ஒன்பதாம் கோள்: அது செக்லிஸ்ட். நான் கேட்டது அணிவகுப்பு. பேச்சை மாற்றுகிறீர்கள்.

செக்லிஸ்ட் என்றால் கையில் தாள் இருக்க வேண்டும். 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் கருவி தீப்பிடித்தபோது புகை நிலையத்தையே நிறைத்தது. உள்ளே ஆறு பேர், தப்பிக்க இரண்டு சோயூஸ் கலங்கள், அதில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீ மறித்துக்கொண்டது. அந்த நேரத்தில் தாள் படிக்க முடியாது. முன்னால் போகிறவன் எந்தக் கைப்பிடியில் எந்தக் கையை வைப்பான் என்று பின்னால் வருகிறவனுக்குப் பார்க்காமலே தெரிய வேண்டும். அதைத்தான் அணிவகுப்பு என்கிறேன். கால் தரையில் படுகிறதா என்பது முக்கியம் இல்லை.

கப்பல்காரன்: நடுவில் வருகிறேன். என் கப்பலில் சுழலும் வளையம் உண்டு. தரை இருக்கிறது, எடை இருக்கிறது. அங்கே பரேடு வைக்கலாமே?

வளையம் எவ்வளவு பெரியது? நிமிடத்துக்கு இரண்டு சுற்றில் பூமி எடை வேண்டுமென்றால் ஆரம் 224 மீட்டர். நான்கு சுற்று என்றால் 56 மீட்டர் போதும், ஆனால் தலையைத் திருப்பினாலே புதியவனுக்குக் குமட்டும். அந்தச் சின்ன வளையத்தில் விளிம்பு வினாடிக்கு 23.5 மீட்டர் ஓடுகிறது. சுழலும் திசையில் சாதாரணமாக நடந்தால் எடை 13 சதவீதம் கூடும், எதிர்த் திசையில் நடந்தால் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஆக, படை திரும்பி நடந்தாலே அடியின் அழுத்தம் மாறும், தாளம் கெடும். கொடுமைக்கார சார்ஜென்ட் தண்டனை ஓட்டத்தை எந்தத் திசையில் கொடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்நட்சத்திரம்: ஒரே தாளத்தில் நடந்தால் பாலம் விழும் என்பார்களே, கப்பலுக்கு ஒன்றும் ஆகாதா?

நல்ல கேள்வி. 1831இல் இங்கிலாந்தில் பிராட்டன் தொங்கு பாலம் படைவீரர்கள் ஒரே தாளத்தில் நடந்தபோது அறுந்து விழுந்தது. அதற்கப்புறம் பாலம் வந்தால் தாளத்தைக் கலைத்து நடக்கச் சொல்லும் உத்தரவு வந்தது. விண்வெளி நிலையத்தில் ஒரே ஓர் ஆள் ஓடுகிற ட்ரெட்மில்லையே அதிர்வு பரவாத தாங்கிகளில்தான் பொருத்தியிருக்கிறார்கள். சூரியத் தகடுகளும் நுண்ணிய சோதனைகளும் ஆடக் கூடாது என்று. இருநூறு பேர் பூட்ஸோடு சேர்ந்து மிதித்தால் கப்பல் பொறியாளர் சார்ஜென்டைத் தேடி வருவார்.

ஒன்பதாம் கோள்: ஆக, கப்பலில் பரேடு கூடாது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்!

கப்பலில் தாளம் போட்டு மிதிக்கக் கூடாது என்றேன். பரேடு கூடாது என்று சொல்லவில்லை. கைப்பிடி பிடித்து நகரும் டிரில் கப்பலில், கால் போடும் டிரில் தரையில். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம், வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நீலக்கல்: மூச்சை அடக்காதே என்கிறீர்கள். ஆனால் வேகமெடுக்கும் கலத்தில் விமானிகள் மூச்சை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முரண்பாடு இல்லையா?

இத்தனை பேரில் இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

முரண்பாடேதான். இரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும்படி பல மடங்கு எடை அழுத்தும்போது, கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, தொண்டையை மூடி, மூன்று வினாடிக்கு ஒரு தடவை சட்டென்று மூச்சு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பார்வை முதலில் சாம்பலாகும், பிறகு இருட்டும், பிறகு ஆள் இல்லை. அதே ஆள் அதே கலத்தில் காற்று கசிந்தால் தொண்டையைத் திறக்க வேண்டும். இரண்டு எதிர் அனிச்சைகள் ஒரே உடம்பில். போரில் இரண்டும் சேர்ந்தே வரும்: கலம் திரும்புகிறது, அடி விழுகிறது, கசிகிறது. என் பயிற்சி முகாமில் நடுத்தர மாதங்கள் முழுக்க இந்த ஒன்றுக்குத்தான். சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே கசிவு மணி அடிக்கும். எந்த மணிக்குத் தொண்டையை மூடுவது, எந்த மணிக்குத் திறப்பது என்று தவறவே கூடாது.

சிப்பாயைப் படுக்கவைத்து மார்பிலிருந்து முதுகுக்கு எடை விழச் செய்தால் நிறையத் தாங்குவான், இறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் படுத்தபடி சண்டை போடும் படையை யாரும் அட்டைப்படத்தில் போட மாட்டார்கள்.

தூரப்பயணி: வெற்றிடத்தில் துப்பாக்கி சுடுமா? ஆக்சிஜன் இல்லையே?

சுடும். தோட்டாவுக்குள்ளேயே ஆக்சிஜன் தரும் பொருள் இருக்கிறது. சோவியத் சல்யூட் 3 நிலையத்தில் ஒரு பீரங்கியே இருந்தது, 1975 ஜனவரியில் சுட்டும் பார்த்தார்கள். சுடுவதில் சிக்கல் இல்லை, அப்புறம்தான் சிக்கல். 4 கிராம் குண்டு வினாடிக்கு 900 மீட்டரில் போனால், உடையோடு 150 கிலோ இருக்கும் ஆள் ஒவ்வொரு குண்டுக்கும் வினாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் போவான். முப்பது குண்டு தீர்த்தால் வினாடிக்கு முக்கால் மீட்டர். தோளிலிருந்து சுடுவதால் தலைகீழாகச் சுழலவும் ஆரம்பிப்பான். முதலில் காலைக் கட்டு, பிறகு சுடு.

புதியவன்: இரத்தம் கொதிக்கும்தானே?

மேலே பாருங்கள்.

மழைத்துளி: எடையின்மைக்கு எப்படிப் பழக்குவது? தண்ணீர்த் தொட்டி போதுமா?

1966 ஜூனில் ஜெமினி 9 கலத்திலிருந்து அமெரிக்க விண்வெளி வீரர் செர்னன் வெளியே போனார். பலசாலி. எதைத் தள்ளினாலும் தானே பின்னால் போனார், வியர்த்து, முகக்கண்ணாடி பனித்து ஒன்றும் தெரியாமல் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் ஆல்ட்ரின் நீச்சல் குளத்தில் ஒவ்வோர் அசைவையும் பழகி, காலை மாட்டிக்கொள்ளும் பிடிகளோடு போய் வேலையை அமைதியாக முடித்தார். வெளியே பலத்தால் ஆகாதது நிதானத்தால் ஆகும். உங்கள் முகாமில் முதலில் தோற்கிறவன் அந்தக் கூட்டத்திலேயே பலசாலியாக இருக்கட்டும்.

தொட்டிக்கு இரண்டு குறை உண்டு. தண்ணீர் நம்மை நிறுத்திவிடும், வெற்றிடம் நிறுத்தாது. தலைகீழாகத் திருப்பினால் உடைக்குள் ஆள் தோளில் தொங்குவான். விமானத்தில் வளைவாகப் பறந்து கிடைக்கும் எடையின்மை 20, 25 வினாடிதான். எனவே மூன்றும் வேண்டும்: தொட்டி, விமானம், கடைசியில் உண்மையான சுற்றுப்பாதை. அங்கே முதல் இரண்டு மூன்று நாள் பெரும்பாலோருக்குக் குமட்டும், வாந்தியும் வரலாம். அந்த நாள்களில் ஹெல்மெட் மாட்டி வெளியே அனுப்பக் கூடாது.

மின்மினியின் நண்பர்: பயிற்சி எத்தனை வாரம்?

மின்மினியைக் கேளுங்கள்.

கருந்துளை: கட்டளையை மீறினால் என்ன தண்டனை வைக்கலாம்? சவுக்கடி?

1968 அக்டோபரில் அப்பல்லோ 7 குழுவில் மூன்று பேருக்கும் சளி. இறங்கும்போது ஹெல்மெட் போட்டால் மூக்கைச் சிந்திக் காதைச் சரிசெய்ய முடியாது என்று, தரைக் கட்டுப்பாடு சொல்லச் சொல்ல மறுத்துவிட்டார்கள். ஹெல்மெட் இல்லாமலே இறங்கினார்கள். சவுக்கு எதுவும் இல்லை. மூவரும் மறுபடி விண்வெளிக்குப் போகவில்லை. பறக்கவே ஆசைப்பட்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதை எழுதுவீர்கள்?

சளி என்றதும் ஒன்று. புதுச் சிப்பாய்கள் அடைந்து கிடக்கும் கொட்டடியில் எதிரிக்கு முன் வருவது கிருமிதான். அமெரிக்கப் படை அடினோவைரஸுக்கு 1971 முதல் மாத்திரை வடிவில் தடுப்பூசி கொடுத்தது. தயாரிப்பு நின்று 1999இல் இருப்பும் தீர்ந்தது. முகாம்களில் காய்ச்சல் திரும்பி வந்தது. 2011இல் மறுபடி ஆரம்பித்தார்கள். மூடிய கப்பலில் ஒருவன் தும்மினால் எல்லாருக்கும்தான்.

கப்பல்காரன்: ஒளிவேகத்தைத் தாண்டும்போது சிப்பாய்க்கு என்ன ஆகும்?

இயற்பியல் தெரிந்தவரைப் பிடியுங்கள்.

வால்நட்சத்திரம்: பயிற்சியில் ஒரு சாவு வைக்கலாமா? எதில் வைப்பது? குண்டு வெடித்தா?

குண்டு வேண்டாம். உண்மையான முகாம்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெயிலும் ஓட்டமும்தான். அதற்குப் பயந்து தண்ணீரைக் குடி குடி என்று திணித்ததாலும், இரத்தத்தில் உப்பு குறைந்து, சிப்பாய்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கப் படை பின்னர் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது. விண்வெளி உடையில் கதை தலைகீழ். வெற்றிடத்தில் உடம்புச் சூட்டை எடுத்துப்போகக் காற்று இல்லை. அதனால் தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் தைத்த உள்ளாடை போடுகிறார்கள். அந்தக் குழாயின் பம்பு நிற்கட்டும். பையன் சொல்ல மாட்டான், ஏனென்றால் முந்தின நாள் நின்றவனை எல்லாரும் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் கதாநாயகனும் இருக்கட்டும்.