ஷார்ட்வேவ் ரேடியோ: மலையடிவாரத்துக் கேள்விகள், பதில்கள்

சின்ன ரேடியோ வாங்குவது பற்றி தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்டவர். மறுபடி ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ வேண்டும் என்கிறார். இரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம், சார்? (வண்டிப்பெரியாறு)

வாங்குவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவர் தேடுகிற குரல்களில் பெரும்பகுதி இன்று ஷார்ட்வேவில் இல்லை. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் 2018இல் ஷார்ட்வேவை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் பேசிய இலங்கை வானொலி எந்த செட்டை வாங்கினாலும் திரும்பி வராது. இதைச் சொல்லாமல் ரேடியோவைக் கையில் கொடுத்தால், நாலு நாள் திருகிப் பார்த்துவிட்டு "இது சரியில்லை, பழைய பிலிப்ஸ்தான் ரேடியோ" என்று ஓரமாக வைத்துவிடுவார். குறை ரேடியோவில் இருக்காது.

மிச்சம் இருப்பதில் முக்கியமானது 1963இலிருந்து வரும் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு. வத்திக்கான் வானொலியும் வேறு சில கிறிஸ்தவ ஒலிபரப்புகளும் உண்டு. மாலையிலும் முன்னிரவிலும் 25, 31, 41 மீட்டர் பகுதிகளில், அதாவது ஏறக்குறைய 12, 9.5, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், தேடச் சொல்லுங்கள்.

அவருக்கு வேண்டியது தமிழ்ச் செய்தியும் பழைய பாட்டும் என்றால், ஷார்ட்வேவைவிட மீடியம் வேவ் நன்றாக இழுக்கிற செட்டைத்தான் பார்க்கவேண்டும். திருநெல்வேலி 1197, திருச்சி 936, சென்னை 720 கிலோஹெர்ட்ஸ். பகலில் மலை தின்றுவிட்டாலும் இரவில் எட்டிப்பார்க்கும். இலங்கைப் புத்தளத்திலிருந்து 882இல் வரும் கிறிஸ்தவ ஒலிபரப்பும் இரவில் பலமாக இருக்கும். வீடு மேட்டில் இருந்தால் கொடைக்கானல் எஃப்எம் 100.5 கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே உங்கள் பட்ஜெட்டுக்கு எஃப்எம், மீடியம் வேவ், ஷார்ட்வேவ் மூன்றும் உள்ள முள் வைத்த சாதாரண செட் போதும். தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும், பெரிய ஸ்பீக்கராக இருக்கட்டும். புளூடூத், பெண்டிரைவ், டார்ச் எல்லாம் சேர்ந்த செட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் ஷார்ட்வேவ் என்பது பெட்டி மேல் அச்சடிக்க ஒரு வரி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் பாட்டுச் சர்க்யூட்டே இரைச்சல் போடும். எழுபது வயதுக் கைக்குப் பெரிய திருகு நல்லது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முள் வைத்ததா, நம்பர் காட்டுவதா? இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஏன்? (தென்காசி)

முள் வைத்த மலிவு செட்டில் அரை அங்குலத்துக்குள் இருபது நிலையங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 9,500 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறோமா 9,600இல் இருக்கிறோமா என்பதே தெரியாது. அட்டவணையில் ஓர் எண்ணைப் பார்த்து அந்த நிலையத்தைத் தேடுவது என்பது அதில் நடக்காத காரியம். நம்பர் காட்டும் செட்டில் எண்ணை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். நிலையம் வந்தால் வந்தது, இல்லையென்றால் இன்று அது எட்டவில்லை.

இன்னொரு தொல்லை பேய் நிலையம். பழைய பாணி செட்டுகள் உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரு இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றித்தான் வேலை செய்யும். அதனால் பலமான நிலையம் ஒன்று தன் இடத்திலும் கேட்கும், 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் கேட்கும். 9,500இல் இருப்பது 8,590இலும் பேசும். புதிதாக வாங்கியவர்கள் ஏதோ ரகசிய நிலையம் கிடைத்துவிட்டது என்று பூரித்துப் போவதுண்டு! சிக்னலை எண்களாக மாற்றிக் கையாளும் டிஎஸ்பி சிப் வைத்து இப்போது வரும் செட்டுகளில் இந்தத் தொந்தரவு மிகவும் குறைவு.

கொஞ்சம் கூடப் போட முடிந்தால் டெக்சன் பிஎல்-310இடி, பிஎல்-380 போன்றவை தொடக்கத்துக்கு நல்ல செட்டுகள். "பன்னிரண்டு பேண்ட்" (அலைப்பகுதி) என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். பேண்ட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த அதிர்வெண்ணிலிருந்து எது வரை, நடுவில் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். 5.9 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 18 வரையாவது தொடர்ச்சியாக வரவேண்டும்.

மூணாறு பக்கம் லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடு) இருக்கிறோம். சுற்றிலும் மலை. எஃப்எம்மே ஒழுங்காக வராத இடத்தில் ஷார்ட்வேவ் வருமா? (தேவிகுளம்)

வரும். எஃப்எம் நேர்கோட்டில் போகிற அலை, குறுக்கே மலை நின்றால் முடிந்தது. தேவிகுளம் வானொலியின் 101.4 உங்களுக்குக் கேட்கும், அதைத் தாண்டி ஒன்றும் கேட்காது என்பது இதனால்தான். ஷார்ட்வேவ் தலைக்கு மேல் 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மேலிருந்து இறங்குகிறது. மலைக்கு அதைத் தடுக்கும் சக்தி குறைவு.

தூரமான நிலையத்தைவிடப் பக்கத்து நிலையம்தான் சில சமயம் மோசமாக வரும். 15, 17 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் சாய்வாக மேலே போய் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களைத் தாண்டிக் குதித்துவிடும். பக்கத்து நிலையங்களை 41, 49 மீட்டரில் (7, 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) தேடுங்கள், தூரத்து நிலையங்களைப் பகலில் 16, 19 மீட்டரில் (17, 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) தேடுங்கள். இருட்டிய பிறகு உயர்ந்த பேண்டுகள் மெல்ல அடங்கிவிடும், 31, 41, 49 மீட்டர் உயிர் பெறும். பகலில் தாழ்ந்த அலைகளை விழுங்கும் கீழ் அடுக்கு ஒன்று வெயிலில்தான் உருவாகிறது, பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடுகிறது. காலை பத்து மணிக்குக் கடையில் நின்றுகொண்டு 49 மீட்டரைத் திருகிவிட்டு "செட் சரியில்லை" என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்.

லயத்தில் தகரக் கூரையாக இருந்தால் உள்ளே ஒன்றும் எட்டாது. ஜன்னல் ஓரம் அல்லது திண்ணை.

வீட்டுக்குள் வைத்தால் ஒரே கரகர சத்தமுங்க. ரேடியோவை மாற்றினால் சரியாகுமா? (கொழிஞ்சாம்பாறை)

ஆகாது. பத்தாயிரம் ரூபாய் செட் வாங்கினால் அதே கரகரப்பு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இன்று ஷார்ட்வேவின் முதல் எதிரி வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள்தான். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், புதுவகை பிஎல்டிசி மின்விசிறி, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி வேலை செய்பவை. அந்த வெட்டு வயரிங் முழுக்க ஓடி, வீட்டையே ஓர் இரைச்சல் ஏரியலாக ஆக்கிவிடுகிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் குண்டு பல்பும் ஒரு சீலிங் ஃபேனும் இருந்த வீட்டில் சாதா ரேடியோ நன்றாக இழுத்தது என்றால், பாதி பெருமை வீட்டுக்குச் சேரவேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் இல்லாத இடத்தில் 7 அல்லது 9 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கவேண்டும், மெயினைவிட அதுதான் பல வீடுகளில் குற்றவாளி. இப்போது இரைச்சல் சடாரென்று இறங்கினால் குற்றம் உங்கள் வீட்டுக்குள். மெயினைப் போட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள், எது போட்டதும் குரைக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஏதோ ஒரு மலிவு பல்போ பெயர் தெரியாத சார்ஜரோதான். அதை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. எல்லாம் அணைத்தும் இறங்கவில்லை என்றால் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ வருகிறது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போகவேண்டியதுதான். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

யுஎஸ்பி சார்ஜர் சொருகியபடி கேட்காதீர்கள். தெருவே இருண்டு கிடக்கும் மின்தடை நேரத்தில் ஒருமுறை திருகிப் பாருங்கள். உங்கள் செட் உண்மையில் எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தெரியும்.

மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறார், அங்கேயே வாங்கிவரச் சொல்லலாமா அண்ணாச்சி? (செங்கோட்டை)

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. கல்ஃப் என்றால் தாராளமாக. அமெரிக்கா என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். நம் பக்கம் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில் 10. மாற்றும் வசதி இல்லாத நம்பர் செட்டில் 1197 என்ற எண்ணே வராது, 1190க்கு அடுத்தது 1200தான். சென்னை 720 மட்டும் இரண்டு கணக்கிலும் மாட்டும். அப்புறம், 120 வோல்ட் அடாப்டரை நம் பிளக்கில் சொருகினால் புகைதான். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகிற செட் என்றால் பயமில்லை.

ஜப்பானில் உள்நாட்டுக்கென்றே செய்த பழைய செட்டுகளை வாங்கவேண்டாம். அவற்றின் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும், நம் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. பேட்டரியையும் கேளுங்கள். பென்சில் செல் போடுகிற செட்டுக்குப் புளியரையிலும் செல் கிடைக்கும். பிஎல்-5சி போடுகிறதென்றால் பழைய நோக்கியா பேட்டரிதான், செல்போன் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஏலத்தோட்டத்தில் இடமிருக்கிறது. வயர் கட்டி ஏரியல் போட்டால் நன்றாக இழுக்குமா? எவ்வளவு நீளம்? (போடி)

ஐந்து முதல் எட்டு மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒற்றை வயரே போதும். ஒரு முனையை இரண்டு மரத்துக்கு நடுவே நைலான் கயிற்றில் கட்டுங்கள், மறுமுனையை ரேடியோவின் நீட்டு ஏரியலில் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஏரியல் துளை இருக்கிற செட்டில் அதிலேயே சொருகலாம். கரண்ட் கம்பிக்கு மேலேயோ கீழேயோ வயர் போகவே கூடாது, அறுந்து விழுந்தாலும் தொடாத தூரத்தில் இருக்கவேண்டும்.

இடம் இருக்கிறதே என்று முப்பது மீட்டர் கட்டிவிடாதீர்கள். சின்ன செட்டால் அவ்வளவு சிக்னலைத் தாங்க முடியாது. இரவில் பலமான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து டயல் முழுக்கப் பேசும். அப்படி ஆனால் வயரைச் சுருக்குங்கள், அல்லது லோக்கல் என்ற சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

இடியில் விளையாட்டு வேண்டாம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி மழையிலும் மலையில் மதியத்துக்கு மேல் எப்படி இடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேரடியாக விழவேண்டும் என்றில்லை, அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலே வயரில் ஏறுகிற மின்னழுத்தம் ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். கேட்டு முடித்த கையோடு வயரைக் கழற்றிவிடுகிற பழக்கம் வேண்டும். இடி கேட்ட பிறகு கழற்றப் போவது உங்களுக்கே ஆபத்து.

எஸ்எஸ்பி உள்ள ரேடியோ வாங்கச் சொல்கிறான் நண்பன். தேவையா? (பாறசாலை)

ஹாம் ஆட்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்கள், எஸ்எஸ்பி என்ற ஒலிபரப்பு முறையில்தான் பெரும்பாலும் பேசுவார்கள். அதைக் கேட்க ஆசை இருந்தால் தேவை. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் காலை நேரத்தில் தென்னிந்திய ஹாம்கள் பேசிக்கொள்வார்கள். சாதா செட்டில் அது வாத்து கத்துவது மாதிரி இருக்கும், எஸ்எஸ்பி இருந்தால் பேச்சாகும். 2018 கேரள வெள்ளத்தின்போது செய்தி கடத்தியவர்களில் ஹாம்களும் உண்டு. டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 இரண்டிலும் எஸ்எஸ்பி இருக்கிறது. ஹாமில் ஆர்வம் இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பெட்டியில் "டிஜிட்டல்" என்று போட்டிருக்கிறது. ஆகாசவாணியின் டிஜிட்டல் ஒலிபரப்பு இதில் வருமா? (கம்பம்)

வராது. அது டிஆர்எம் என்ற தனி முறை, அதற்கென்று செய்த செட் வேண்டும். பெட்டியில் இருக்கும் டிஜிட்டல் நம்பர் காட்டுவதைத்தான் சொல்கிறது. மீடியம் வேவில் சில இடத்தில் அருவி கொட்டுவது போல ஒரே இரைச்சல் கேட்டால் அது டிஆர்எம்மாக இருக்கலாம், செட்டைத் திட்டாதீர்கள்.

போன மாதம் வரை நன்றாக வந்த நிலையம் திடீரென்று காணோம். ரேடியோ பழுதா? (ஆரியங்காவு)

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகம் முழுக்க ஷார்ட்வேவ் அட்டவணை மாறும். பெரும்பாலும் நேரம் அதேதான், அதிர்வெண் மட்டும் இடம் மாறியிருக்கும். முதலில் பழைய எண்ணின் பக்கத்து பேண்டுகளில் அதே நேரத்தில் தேடுங்கள். புது அட்டவணையில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், 5.30 மணி கூட்டிக்கொள்ளவேண்டும்.

செட் பழுதா என்று பார்க்க வேறு வழி உண்டு. இருட்டிய பிறகு சரியாக 10,000 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சீனாவின் நேரக்குறிப்பு நிலையம் அங்கே பெரும்பாலான நேரம் நொடிக்கு ஒரு டிக் வீதம் அனுப்பிக்கொண்டிருக்கும். அது மெல்லியதாகக் கேட்டாலே உங்கள் ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.