காட்டுத்தீ வேலைக்கு எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு? பிளஸ் டூ மாணவியின் தாய்க்கு ஒரு பதில்

உங்கள் மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடிக்கிறாள், காட்டுத்தீத் தடுப்பும் தீ விசாரணையும்தான் வேண்டும் என்கிறாள். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. அந்த டிப்ளமோக்கள் தொழிற்சாலை, கட்டுமானத் தளப் பாதுகாப்புக்கானவை. அவற்றைக் காட்டி வனத்துறை வேலை வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னால், எந்தப் பதவி, எந்த அரசு அறிவிக்கையில் இந்தச் சான்றிதழ் கேட்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். 'காட்டுத்தீ விசாரணை அதிகாரி' என்று தமிழ்நாட்டில் தனிப் பதவி கிடையாது. காப்புக்காட்டில் தீப்பிடித்தால் அணைப்பது, காரணம் தேடுவது, வழக்குப் பதிவது, ஊராரிடம் பேசுவது எல்லாமே வனச்சரக ஊழியர்களின் வேலை. தீயணைப்பு வண்டி சாலையோரம் வரைதான் வரும், மலைச்சரிவுக்கு ஹோஸ் எட்டாது. அங்கே பச்சைக் கிளையை ஒடித்து அடித்தும், காய்ந்த சருகை அகற்றி மண்ணைத் திறந்து தீயின் வழியை அடைத்தும்தான் அணைக்கிறார்கள். ஆக, மகள் விரும்பும் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்ய வேண்டுமென்றால் வழி வனத்துறைதான்.

அங்கே நுழைய என்ன வேண்டும்? வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. வனக்காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும். வனக்காப்பாளருக்கு அறிவியல் பாடத்துடன் பிளஸ் டூ வேண்டும், அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. குறைந்தபட்ச வயது 21 என்பதால் பள்ளி முடித்த கையோடு எழுத முடியாது. அந்த இடைவெளியில் ஒரு பட்டத்தை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் வனக் கல்லூரியின் நான்காண்டு பி.எஸ்சி. வனவியல் இதற்கு நேரான படிப்பு. ரேஞ்சர் (வனச்சரகர்) பதவிக்கு இட்டுச்செல்லும் வனத் தொழில் பழகுநர் தேர்வான குரூப் 6இல் வனவியல் பட்டத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தத் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை, வந்தாலும் இடங்கள் குறைவாகவே இருக்கலாம். அதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கும் இதே பட்டம் போதும். விலங்கியல், தாவரவியல், வேதியியல், பொறியியல் படித்தாலும் எழுதலாம். பி.காம்., பி.ஏ. வரலாறு படித்தவர்கள் எழுத முடியாது. பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் பலர் தடுக்கி விழுவது நடைத் தேர்வில். 4 மணி நேரத்தில் பெண்கள் 16 கிலோமீட்டரும் ஆண்கள் 25 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். வனப்பணித் தேர்வில் பெண்களுக்கு 14 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் எளிதாகத்தான் தெரியும். வெயிலில், பழகாத புது ஷூவில், தண்ணீர் குடிக்காமல் போனால் பத்தாவது கிலோமீட்டரில் காலில் கொப்புளம் வந்துவிடும். வாரம் இரண்டு நாள், பழகிய ஷூவோடு, தேர்வு நடக்கும் அதே நேரத்தில் நடந்து பார்க்கட்டும்.

இனி அந்த வேலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் மகளுக்குப் பிடித்தது அதுதான். தரையில் எரிந்து போன காடு ஒரு பதிவேடு. எங்கே அதிகமாக எரிந்திருக்கிறதோ அங்கேதான் தீ தொடங்கியது என்று நினைப்பது வழக்கமான தப்பு. தொடங்கிய இடத்தில் தீ சிறியதாக, மெதுவாக எரிந்திருக்கும். புல் பாதி கருகியும் கருகாமலும் கிடக்கும். காற்றும் சரிவும் கூடிய பிறகுதான் அது வேகமெடுக்கிறது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது களத்தில் பயன்படும் கணக்கு. அதனால் விசாரணை செய்பவர் முதலில் எரிந்த பரப்பின் விளிம்பைச் சுற்றி நடப்பார். பிறகு தீ முன்னேறிய பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து தொடக்கம் நோக்கிப் பின்னால் வருவார்.

வழிகாட்டுபவை சின்னச் சின்னத் தடயங்கள். தரையில் பதிந்த ஒரு கல்லைப் பாருங்கள்: ஒரு பக்கம் வெளுத்தோ கரி படிந்தோ இருக்கும், மறுபக்கத்து அடியில் நான்கைந்து புல் எரியாமல் தப்பி நிற்கும். கரி படிந்த பக்கத்திலிருந்து தீ வந்தது, புல் தப்பிய பக்கமாகப் போனது. காற்றோடு வேகமாகப் போன தீ, மரத்தின் காற்று மறைவான பக்கத்தில் கரியை உயரமாக ஏற்றிவிடும். காற்றுக்கு எதிராக மெதுவாக ஊர்ந்த தீயோ புல்லின் அடித்தண்டை அரித்துவிடும். தண்டு எரிந்த பக்கமாகவே சாய்ந்து, கதிர் தீ வந்த வழியைக் காட்டும். ஒற்றைத் தடயத்தை நம்பக்கூடாது, ஒரு கல் உருண்டு வந்ததாகக்கூட இருக்கலாம். அமெரிக்கப் பயிற்சி முறையில் முன்னேறிய தீக்குச் சிவப்பு, பக்கவாட்டுக்கு மஞ்சள், பின்னோக்கி ஊர்ந்ததற்கு நீலம் என்று சிறு கொடிகள் நட்டு, அவை ஒன்றுசேரும் திசையைப் பார்க்கிறார்கள். சந்தேகத்துக்கிடமான பொருளுக்கு வெள்ளைக் கொடி.

பல விசாரணைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அணைக்க வந்தவர்கள் ஜீப்பைச் சாலையோரப் புல்லில் நிறுத்துவார்கள். தீ தொடங்கியதே அந்த இடமாக இருக்கும். கிளையை இழுத்து, மிதித்து, போதாததற்கு அங்கேயே ஒரு பீடித்துண்டையும் போட்டுவிட்டால் எது யாருடையது? முதலில் போகும் காப்பாளர் அந்த இடத்தைக் கயிறு கட்டித் தடுத்து, ஜிபிஎஸ் அளவோடு படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் வாடை உள்ள மண்ணைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் எடுத்தால் ஆவி வெளியேறிவிடும். காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியிலோ தகர டப்பாவிலோ அடைத்துத்தான் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ஆய்வகப் பக்கம்தான் மகளுக்குப் பிடிக்கிறது என்றால், வேதியியல் பட்டம் முடித்துத் தடய அறிவியலில் எம்.எஸ்சி. படிக்கலாம். காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அறிக்கையில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதி மூடிவிடுவது சுலபம், அடுத்த ஆண்டுக்கு அது எதற்கும் உதவாது. தீ தொடங்கியது மாட்டுப் பாதையிலா, தேன் எடுத்த மரத்தடியிலா, பக்தர்கள் சமைத்த இடத்திலா, வயல் வரப்பிலா என்பது தெரிந்தால்தான் யாரிடம் பேசுவது என்று தெரியும். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று தீ வைக்கும் மாடு மேய்ப்பவரிடம், மான் ஓடுகிற மாதிரி படம் போட்ட சுவரொட்டி எடுபடாது. போஸ்டர் அடித்தவரைவிட அவர் அதிகம் தீயைப் பார்த்தவர். மேய்ச்சலுக்கு மாற்று இடம், தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் அகற்றிய பட்டை) வெட்டும் கூலி வேலை, தீக்காவலர் பணி என்று பேச வேண்டும், அதுவும் சருகு காய்வதற்கு முன், ஜனவரியிலேயே. ஏப்ரலில் கூட்டம் போட்டுப் பயனில்லை. இந்தப் பேச்சுவார்த்தையில் தேர்ந்தவர்களுக்கு கிராம வனக்குழுக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களிலும் இடம் உண்டு, சமூகப்பணிப் பட்டம் அதற்கு உதவும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கணினியில் ஆர்வம் இருந்தால். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், மோடிஸ், வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் உணரிகளின் தரவிலிருந்து தீ எச்சரிக்கைகளைச் சரகம் வரை எஸ்எம்எஸ் அனுப்புகிறது. மோடிஸின் ஒரு புள்ளி தரையில் 1 கிலோமீட்டர், வியர்ஸில் 375 மீட்டர். வியர்ஸ் நம் தலைக்கு மேல் கடப்பது ஏறத்தாழ மதியம் ஒன்றரைக்கும் நள்ளிரவு ஒன்றரைக்கும். மாலை 3 மணிக்குப் பற்றி இரவுக்குள் அணைந்த தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். கரும்புச் சோகை எரித்தால் அது காட்டுத்தீயாகக் காட்டலாம். இதைப் பிரித்தறிய வரைபடமும் களமும் தெரிந்தவர்கள் வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. புவித்தகவலியல் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும், மகளின் பாடப்பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணிதம் இல்லையென்றால் பட்டத்துக்குப் பிறகு தொலையுணர்வில் முதுகலை படிக்கலாம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) நடத்தும் இலவச இணைய வகுப்புகளை இப்போதே பார்க்கலாம்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இல்லை என்று சொல்ல மாட்டோம். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல் மூடிய சரிவில் தீ ஏறி, மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீக்கு மேலே நிற்கக்கூடாது, வெளியேறும் வழி இரண்டு தெரியாமல் உள்ளே போகக்கூடாது, நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்திதான் போட வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியருக்கு இவை கட்டாயப் பழக்கம். எரியும் நாட்கள் ஆண்டில் சில மாதங்கள்தான், பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மே வரை. மற்ற மாதங்களில் ரோந்து, கோடு வெட்டுதல், கூட்டம், கோப்பு. மகளை ஒரு முறை அருகிலுள்ள சரக அலுவலகத்துக்கு ஜனவரியில் கூட்டிப் போங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையை அனுமதி கேட்டு அரை நாள் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இதே முடிவில் இருந்தால் வனக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கலாம்.